முன்னால் யாரும் இல்லாத மேடை

மெல்லிசைக் குழுவில் பதினெட்டு வருஷமாக கீபோர்டு வாசிக்கிறேன். கல்யாண வரவேற்பு, கோயில் கொடை, பள்ளி ஆண்டு விழா என்று தென்மாவட்டங்களில் நான் ஸ்டாண்டு விரிக்காத ஊர் குறைவு. போன சித்திரையில் கோவில்பட்டி தாண்டி ஒரு கிராமத்தில் கொடை. இரவு பதினொன்றரைக்கு மேல், சரணத்தின் இரண்டாவது வரியில் பாடகருக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. மைக்கைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் பாட வேண்டிய வரியைப் புல்லாங்குழல் டோனில் நான் எடுத்தேன். வார்த்தை எங்கே மூச்சு விடுமோ அங்கே நானும் கையைத் தூக்கினேன். அவர் தண்ணீர் குடித்துவிட்டு மூன்றாவது வரியில் வந்து சேர்ந்துகொண்டார். கீழே உட்கார்ந்திருந்த ஐந்நூறு பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை. இன்றைக்கு நல்லா வாசித்தோம் என்று எனக்குத் தோன்றியது அந்த ஒரு வரிக்காகத்தான்.

திரும்பி வரும்போது வேனில் ரிதம் பேட் வாசிக்கிற தம்பி ஒரு பக்க இயர்போனை என் காதில் வைத்தான். "அண்ணே, இதுல பியானோவும் கிடாரும் மட்டும்தான். டிரம்ஸ் இல்ல, பேஸ் இல்ல. ஆனா தாளம் நிக்கவே இல்ல பாருங்க. எங்கேருந்து வருதுன்னு சொல்லுங்க."

சாத்தூர் வருவதற்குள் விடை தெரிந்துவிட்டது. பியானோக்காரரின் இடது கை. ஆனால் பாட்டு என்னை விடவில்லை. பாடுகிறவரும் அவர்தான், வாசிக்கிறவரும் அவர்தான். இருந்தும் இரண்டு பேர் உட்கார்ந்து பேசிக்கொள்கிற மாதிரி இருந்தது. குரல் ஒரு வரி சொல்லும். விரல்கள் "ஆமா, அப்படித்தான்" என்று பதில் சொல்லும்.

அவர் பெயர் ஓடிஸ் ஸ்பேன். அந்தத் தொகுப்பு 'ஓடிஸ் ஸ்பேன் இஸ் தி புளூஸ்'. 1960 ஆகஸ்ட் 23 அன்று நியூயார்க்கில் பதிவானது. அவர் பெயர் போட்டு வந்த முதல் ஆல்பம் அது.

அதற்கு முன்னால் அவர் வாசித்ததை நம்மில் பலர் பெயர் தெரியாமலேயே கேட்டிருப்போம். புளூஸ் என்பது அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் பிறந்த இசை. அதில் சிகாகோ புளூஸ் என்றதும் மடி வாட்டர்ஸ் பெயர்தான் முதலில் வரும். மிசிசிப்பியின் பருத்திக் காட்டிலிருந்து ரயிலேறி சிகாகோ போய், கிடாரில் மின்சாரம் ஏற்றி, ஒரு நகரத்தின் ஓசையையே மாற்றியவர். அவருடைய குழுவில் 1950-களின் தொடக்கத்திலிருந்து 60-களின் கடைசி வரை பியானோ வாசித்தவர் ஸ்பேன். செஸ் என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் ஒலிப்பதிவுக் கூடத்தில் ஹவ்லின் உல்ஃப், லிட்டில் வால்டர், சன்னி பாய் வில்லியம்சன், சக் பெரி, போ டிட்லி என்று எல்லோருக்கும் அவர் கை ஓடியிருக்கிறது. அந்தக் காலத்து ஒற்றை இசைத்தட்டுகளில் பாடகர் பெயர் இருக்கும், எழுதியவர் பெயர் இருக்கும். பியானோ யார் என்று இருக்காது. அவர் பெயரிலேயே 1954-ல் செக்கர் லேபிளில் ஒரு தட்டு வந்தது. அதில் கிடார் வாசித்தது பி.பி. கிங். அது எடுபடவில்லை. ஸ்பேன் மறுபடி மடியின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். குடியிருந்ததும் சிகாகோவில் மடி வாட்டர்ஸ் வீட்டின் கீழ்த்தளத்தில்தான். மடியைத் தன் அண்ணன் முறை என்றே சொல்லிவந்தார். ரத்த உறவு கிடையாது.

நம் கச்சேரி மொழியில் இதற்கு ஒரு சொல் உண்டு, பக்கவாத்தியம். பக்கத்தில் இருப்பது. பாடகருக்கு நிழலாகப் போவது, பாடகர் நிறுத்தினால் அந்த இடத்தைக் காப்பது. புளூஸில் இந்த வேலை எவ்வளவு பெரியது என்பதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுத்தான் சொல்ல வேண்டும்.

பன்னிரண்டு பார் புளூஸ் என்பது, ஒரு பாருக்கு நாலாக, 48 தாளத் தட்டுகள் கொண்ட ஒரு சுற்று. அதில் மூன்று வரி. முதல் வரியையே இரண்டாம் முறையும் பாடுவார்கள், மூன்றாவது வரி அதற்கு முடிவு சொல்லும். ஒரு வரிக்கு 16 தட்டு. அதில் பாடகர் வாய் திறந்திருப்பது பாதிதான், மீதிப் பாதி காலி. அதாவது மூன்று நிமிஷப் பாட்டில் ஒன்றரை நிமிஷம் பாடகர் சும்மா நிற்கிறார், அந்த ஒன்றரை நிமிஷமும் பக்கத்தில் இருப்பவருடையது. அங்கே கொட்டி நிரப்பினால் அடுத்த வரி மூழ்கிவிடும், ஒன்றும் செய்யாமல் விட்டால் பாட்டு படுத்துவிடும். ஸ்பேன் வாழ்நாள் முழுக்கக் குடியிருந்தது இந்தக் காலி இடத்தில்.

அடித்தளமும் எளிமையானது. 'ச'வில் நின்று, 'ம'வுக்குப் போய்த் திரும்பி, 'ப'வைத் தொட்டு இறங்கும். இதற்குள் என்ன செய்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பியானோவில் சுரத்தை வளைக்க முடியாது. கிடாரில் கம்பியை இழுக்கலாம், மவுத்ஆர்கனில் மூச்சால் வளைக்கலாம், வீணையில் கமகம் வரும். பியானோவில் கட்டையை அழுத்தினால் அதற்குள்ள சுரம் மட்டும்தான் வரும். (ஹார்மோனியம் பட்ட பாடு இதே காரணத்தால்தான். 1940 முதல் 1971 வரை அகில இந்திய வானொலி அதை ஒதுக்கியே வைத்திருந்தது.) என் கீபோர்டில் பிட்ச் வீல் இருக்கிறது, கட்டைவிரலால் தள்ளினால் சுரம் வழுக்கும். ஸ்பேனுக்கு அது கிடையாது. அவர் என்ன செய்கிறார் என்றால், 'சாதாரண காந்தாரம்' என்கிற கீழ் 'க'வைத் தொட்டு, அது அடங்குவதற்குள் விரலை 'அந்தர காந்தாரம்' என்கிற மேல் 'க'வின் மேல் சறுக்கி விடுகிறார். ஒரு கணம் இரண்டும் சேர்ந்து ஒலிக்கின்றன. இரண்டுக்கும் நடுவில் பியானோவிலேயே இல்லாத ஒரு சுரம் காதுக்குக் கேட்கிறது. மனிதக் குரல் அழும்போது நிற்கிற இடம் அது. அங்கேயே வலது கையை நடுங்க விட்டு, மூன்று மூன்றாகத் திஸ்ரத்தில் உதிர்த்துக்கொண்டு இறங்குவார். நான் பல இரவு ஹெட்போன் மாட்டிக்கொண்டு இந்த இரண்டு காந்தாரத்தை மட்டும் வாசித்துப் பார்த்திருக்கிறேன். எவ்வளவு வேகமாகச் சறுக்க வேண்டும் என்பதில் இருக்கிறது சூட்சுமம். கொஞ்சம் தாமதித்தால் பிசிறு மாதிரி கேட்கும், கொஞ்சம் முந்தினால் வெறும் மேஜர் கார்டாகிவிடும்.

இப்படிப்பட்டவருக்குச் சொந்தமாக ஒரு முழுத் தொகுப்பு போட யார் முன்வந்தது என்பதற்கு முன், அந்த வருஷம் ஜூலையில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும்.

1960 ஜூலை முதல் வாரம், ரோட் ஐலண்டில் நியூபோர்ட் ஜாஸ் விழா. சனிக்கிழமை இரவு டிக்கெட் கிடைக்காத இளைஞர் கூட்டம் ஊருக்குள் கலவரம் செய்தது. கண்ணீர்ப்புகை வீசினார்கள், தேசியக் காவல்படை வந்தது. நகர நிர்வாகம் விழாவை நிறுத்தச் சொல்லிவிட்டது. ஞாயிறு பகல், ஜூலை 3, புளூஸ் நிகழ்ச்சிக்கு மட்டும் அனுமதி. மடி வாட்டர்ஸ் குழு மேடையேறியது. அந்த நிகழ்ச்சியின் நேரடிப் பதிவு இன்றும் விற்பனையில் இருக்கிறது, கூட்டம் எழுந்து ஆடுகிற சத்தம் அதில் கேட்கும். விழா இத்துடன் முடிந்தது என்ற நிலையில், அங்கிருந்த கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் ஒரு தந்தித் தாளை எடுத்து அதிலேயே பிரியாவிடை வரிகளை எழுதிக் கொடுத்தார். மை காயாத அந்த வரிகளை யாராவது பாட வேண்டும். பாடியவர் ஓடிஸ் ஸ்பேன். 'குட்பை நியூபோர்ட் புளூஸ்' என்று அந்தத் தட்டின் கடைசியில் இருக்கிறது. ஒத்திகை கிடையாது. மெதுவான புளூஸாக, வரிகளைத் தாளிலிருந்து படித்துக்கொண்டே பாடுகிறார். குரலில் ஒரு புகை படிந்த கரகரப்பு. அதைக் கேட்டால், இத்தனை வருஷம் இவரை ஏன் யாரும் பாடச் சொல்லவில்லை என்றுதான் கேட்கத் தோன்றும்.

சரியாக 51 நாள் கழித்து நியூயார்க் ஒலிப்பதிவு.

அதைச் செய்தது கேண்டிட், அப்போதுதான் பிறந்த சின்ன நிறுவனம். கேடன்ஸ் என்ற பாப் நிறுவனத்தை நடத்திவந்த ஆர்ச்சி பிளேயர் தொடங்கியது. எதைப் பதிவு செய்வது என்ற பொறுப்பு ஜாஸ் விமர்சகர் நாட் ஹென்டாஃப் கையில். அவருக்கு விற்பனையைவிட மனிதர்கள் முக்கியம் என்பது கேண்டிட் வெளியிட்டவற்றின் பட்டியலைப் பார்த்தாலே தெரியும். ஸ்பேனைப் பதிவு செய்த எட்டே நாளில், கறுப்பின மக்களின் விடுதலையைப் பற்றிய தன் தொகுப்பை ஜாஸ் டிரம்ஸ் கலைஞர் மேக்ஸ் ரோச் அதே கேண்டிட்டுக்காகப் பதியத் தொடங்கினார். அதே வருஷம் ஜாஸ் பேஸ் கலைஞர் மிங்கஸும் வந்தார், புளூஸ் பாடகர் லைட்னின் ஹாப்கின்ஸும் வந்தார். நிறுவனம் ரொம்ப நாள் தாக்குப்பிடிக்கவில்லை. ஆனாலும் அந்தக் கொஞ்ச நாளில் அவர்கள் செய்தது பெரிது.

ஹென்டாஃப் செய்த நல்ல காரியம், ஸ்பேனைச் சுற்றி ஒரு முழுக் குழுவை அடுக்காமல் விட்டது. மடியின் குழுவையே அழைத்து வந்து ஸ்பேன் பெயர் போட்டிருந்தால் அது இன்னொரு மடி தட்டாகவே இருந்திருக்கும். டிரம்ஸும் பேஸும் இல்லாமல், கிடாருடன் ஒரே ஒருவரை மட்டும் உட்கார வைத்தார்கள். அவர் ராபர்ட் லாக்வுட் ஜூனியர்.

லாக்வுட் யார் என்று தெரிந்துகொண்டால் இந்தத் தட்டு வேறு மாதிரி கேட்கும். அவர் சிறுவனாக இருந்தபோது ராபர்ட் ஜான்சன் அவருடைய அம்மாவோடு சேர்ந்து வாழ்ந்தார். 29 பாட்டு மட்டும் பதிவு செய்துவிட்டு 1938-ல் செத்துப்போன, புளூஸ் உலகம் இன்றும் கும்பிடுகிற அதே ஜான்சன்தான். லாக்வுட் அவரிடம் நேரில் உட்கார்ந்து கிடார் கற்றவர். 1941-ல் ஆர்கன்சாவின் ஹெலினா நகரத்து வானொலியில் சன்னி பாய் வில்லியம்சனோடு மத்தியான நிகழ்ச்சியில் வாசித்தார். அதே வருஷம் சொந்தமாகச் சில பாட்டுகளும் பதிந்தார். பிறகு சிகாகோ வந்து, ஸ்பேனைப் போலவே, மற்றவர்களின் தட்டுகளில் பின்னால் கிடார் வாசிக்கிறவரானார்.

ஆக அன்றைக்கு அந்த அறையில் இருந்தது இரண்டு பக்கவாத்தியக்காரர்கள். முன்னால் யாரும் இல்லை.

தொகுப்பில் பத்து உருப்படி. அதில் நாலை லாக்வுட் பாடுகிறார். முதலில் இது எனக்குக் குறையாகத்தான் பட்டது. மனுஷனுக்கு வாழ்க்கையில் முதல் முறையாகச் சொந்தத் தொகுப்பு கிடைத்திருக்கிறது, அதில் நாலு பாட்டை இன்னொருவர் பாடுவதா, யார் இப்படித் திட்டம் போட்டார்கள் என்று கோபமே வந்தது. இரண்டு பாட்டுகள் வார்த்தையே இல்லாத பியானோ. அப்படியானால் ஸ்பேனின் குரல் நாலே நாலு பாட்டில்தான். அந்தக் குரலுக்காகத் தட்டைத் தேடிப் போகிறவருக்கு இது ஏமாற்றம்தான்.

கோபம் தணிய ஆறு மாதம் ஆனது. 'டேக் எ லிட்டில் வாக் வித் மீ' என்பது லாக்வுட்டின் பழைய பாட்டு, 1941-ல் பதிந்தது. அதை இங்கே மறுபடி பாடுகிறார். அவர் குரல் வெளியில் கொட்டாது, அடக்கமாக, கிட்டத்தட்டப் பேச்சு மாதிரி வரும். அதன் அடியில் பியானோ என்ன செய்கிறது என்று ஒரு நாள் தனியாகக் கவனித்தேன். தன் பெயர் அட்டையில் பெரிதாக இருக்கிற தட்டு, தான் பாடாத பாட்டு. வேறு யாராக இருந்தாலும் அந்தக் காலி இடங்களில் வித்தை காட்டியிருப்பார்கள். ஸ்பேன் லாக்வுட்டின் கிடார் எங்கே பேசுகிறதோ அங்கே ஒதுங்குகிறார், கிடார் விட்ட இடத்தில் இரண்டு சுரம் வைக்கிறார், பாடகர் மூச்சு எடுக்கும்போது வலது கையைக் கொஞ்சம் ஏற்றிவிட்டு, வார்த்தை வரும்போது இறக்கிவிடுகிறார். மடிக்கு எப்படி வாசித்தாரோ அதே மரியாதையோடு லாக்வுட்டுக்கும் வாசிக்கிறார். கோவில்பட்டி மேடையில் அந்த ஒரு வரியை எடுத்த கை என்பதால் எனக்கு இது புரிந்தது என்று நினைக்கிறேன். இப்படி வாசிப்பதுதான் அவருக்குத் தெரிந்த மிகப் பெரிய விஷயம். அதைச் சொந்தத் தட்டில் காட்டாமல் வேறு எதைக் காட்டுவார்? நாலு பாட்டை இன்னொருவருக்குக் கொடுத்ததால்தான் இது ஓடிஸ் ஸ்பேனின் தட்டு.

அந்தக் காதோடு அவரே பாடுகிற முதல் பாட்டுக்குத் திரும்பிப் போனேன். 'தி ஹார்ட் வே'. யாரும் கைதூக்கி விடாமல் கஷ்டத்திலேயே தன்னை வளர்த்துக்கொண்ட ஒருவனின் பேச்சு. ஸ்பேனும் மிசிசிப்பிக்காரர், சின்ன வயசிலேயே சிகாகோ வந்து பகலில் உழைத்து இரவில் வாசித்தவர். தான் பிறந்தது 1930 என்பார், பிற்கால ஆய்வாளர்கள் 1924 என்கிறார்கள். எது சரியானாலும் இந்தப் பாட்டில் கேட்கிற குரலுக்கு அதைவிட வயசு கூட. ஒரு வரி சொல்லி நிறுத்துகிறார். விரல்கள் அந்த வரியைத் திருப்பிச் சொல்வதில்லை, அதற்கு ஆறுதல் சொல்கின்றன. அன்று வேனில் எனக்கு இரண்டு பேர் மாதிரி கேட்டது இதனால்தான். தன் குரலுக்கும் அவர் பக்கவாத்தியமே வாசிக்கிறார்.

வார்த்தையில்லாத இரண்டில் 'கிரேட் நார்தர்ன் ஸ்டாம்ப்' எனக்கு ரொம்பப் பிடிக்கும். தம்பி கேட்ட கேள்விக்கு முழு விடை இதில் இருக்கிறது. இடது கை ரயில் மாதிரி ஓடிக்கொண்டே இருக்கும். அந்த இடது கை பிக் மேசியோவிடமிருந்து வந்தது. மேசியோ மெரிவெதர்தான் சிகாகோவில் ஸ்பேனை வளர்த்த ஆசான். இடது கையில் அப்படி ஒரு கனம் அவருக்கு. 1946-ல் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு மேசியோ பாடுவார், பியானோவுக்கு வேறு கை தேவைப்பட்டது. 1953-ல் அவர் போய்விட்டார்.

தொகுப்பின் கடைசிப் பாட்டு மேசியோவுடையது. 'வொரீட் லைஃப் புளூஸ்'. 1941-ல் மேசியோ பதிந்து ஊரெல்லாம் பாடிய பாட்டு. முதல் தொகுப்பின் கடைசி இடத்தை ஸ்பேன் தன் ஆசானுக்குக் கொடுத்திருக்கிறார். லாக்வுட் பாடியதில் ஜான்சனிடமிருந்து வந்த ஊர்சுற்றிப் பாட்டு ஒன்று உண்டு, அதற்கு அடுத்ததுதான் இது. கையால் கற்றுக்கொடுத்தவர்கள் இருவரையும் சீடர்கள் வரிசையாகக் கூப்பிட்டு உட்கார வைத்த மாதிரி இருக்கிறது. இதை யார் யோசித்து அடுக்கினார்களோ, அவர்களுக்கு என் நன்றி.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அன்றைய ஒலிப்பதிவில் மிஞ்சியதிலிருந்து பிறகு இன்னொரு தொகுப்பும் வந்தது. ஸ்பேன் மறுபடி மடியின் குழுவுக்கே போனார். 60-களில் அவர் பெயரில் பல தட்டுகள் வந்தன, ஐரோப்பாவெல்லாம் சுற்றினார். 1969 ஜனவரியில் ஃப்ளீட்வுட் மேக் என்ற பிரிட்டிஷ் குழுவின் பீட்டர் கிரீனும் மற்றப் பையன்களும் அவருக்குப் பின்னால் நின்று ஒரு தட்டுக்கு வாசித்தார்கள். நல்ல தட்டுதான். ஆனால் இந்த இரண்டு பேர் அறைக்கு அது பக்கத்தில் வராது என்பது என் கணிப்பு. 1970 ஏப்ரல் 24 அன்று சிகாகோவின் குக் கவுன்டி மருத்துவமனையில் ஈரல் புற்றுநோயால் இறந்தார். இரண்டு வருஷம் கழித்து ஆன் ஆர்பர் இசை விழா நடந்த மைதானத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். அவரைப் புதைத்த இடத்தில் மட்டும் பெயர் இல்லை. பர் ஓக் கல்லறைத் தோட்டத்தில் 29 வருஷம் அந்த இடம் வெறும் புல்லாகக் கிடந்தது. 1999-ல்தான் ரசிகர்கள் காசு சேர்த்துக் கல் நட்டார்கள்.

இதைப் படித்துவிட்டுக் கேட்கப் போகிறவர்கள் முதல் பாட்டிலிருந்து தொடங்க வேண்டாம் என்பேன். நாலாவதாக இருக்கிற 'லிட்டில் பாய் புளூ'வை எடுங்கள், லாக்வுட் பாடுவது. முதல் முறை பாட்டைக் கேளுங்கள். இரண்டாம் முறை அவர் குரலை விட்டுவிட்டு, வரி முடிந்து அடுத்த வரி தொடங்குகிற இடங்களில் மட்டும் காதை வையுங்கள். பிறகு முதல் பாட்டுக்கு வாருங்கள்.